உங்கள் அவசரம் என்ன?

இந்தக் கதையில் ஒரு வார்த்தை வரும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். கதை முடிவதற்குள் எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவரை நீங்களும் நானும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். பக்கத்தில் ஆண்கள் இருந்தால் எழுந்து போகச் சொல்லாதீர்கள். அவர்களும் கேட்கட்டும்.

சித்தூரில் ஜெயகுமாரி என்று ஒருத்தி. நாற்பத்தாறு வயது. மிஷன் காலத்திலிருந்து அங்கே இருக்கிற தமிழ்ச் சபையைச் சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு, சர்ச்சில் படித்தது தமிழ். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க அவள் எழுந்தால் கடைசி பெஞ்சில் காது மந்தமான பெரியவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அப்படி மணி மாதிரி குரல்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பெண்பிள்ளைகள் அந்தக் காரியத்துக்குப் போக வேண்டுமென்றால் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. "கை கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்பா கிருபானந்தம் அந்த நேரத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். ஜெயகுமாரி நாற்பத்தாறு வருடமாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் குமாஸ்தாவாக இருந்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவள் வேண்டும் என்று திருப்பதியில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது. போனாள்.

நிறுவனத்தின் பெயர் பயனாளர் தேவை திரட்டு மையம். எங்கேயாவது ஒரு புது இயந்திரம் வைக்கப் போகிறார்கள் என்றால், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக் கொடுப்பது அவர்களுடைய வேலை. கேட்பதற்கு மட்டும் மூன்றாவது மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பதில் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் பத்மா இருந்தாள்.

பத்மா அட்டையில் வெட்டிய பெண். ஆள் உயரம், பச்சைச் சேலை, சிரித்த முகம். நாட்டிலுள்ள எல்லாப் பெண் தொழிலாளிகளுக்கும் பிரதிநிதி என்று அவளைச் செய்து வைத்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் அவள் பக்கம் திரும்பி வணக்கம் சொல்வார்கள். அவள் முன்னால் டீ வைப்பார்கள். ஆறியதும் எடுத்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால், "பத்மா இதற்கு என்ன சொல்வாள்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இதுவரை அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

மையத்தின் தலைவர் மோகன்ராஜ். அவர் பேசியது தெலுங்கும் ஆங்கிலமும். உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன். முதல் நாளே ஜெயகுமாரியை நிற்க வைத்து அவர் சொன்னார்:

"நான் பதினான்கு நாடுகளில் தேவை திரட்டியிருக்கிறேன், மேடம். எந்த நாட்டிலும் ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவ்வளவு திருப்தி."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயகுமாரியும் தட்டினாள்.

பிறகு பண்பாட்டு வேறுபாடு பற்றிய வகுப்பு நடந்தது. சுவரில் ஒரு அட்டவணை. எல்லையோரத் தமிழர்களிடம் பேசும்போது எதற்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதியிருந்தது. சிரித்தால் மகிழ்ச்சி. பேசாமல் இருந்தால் சம்மதம். தரையைப் பார்த்தால் ஆழ்ந்த சிந்தனை. கண் கலங்கினால் நன்றியுணர்வு. தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தவள் அவள் ஒருத்திதான் அங்கே. ஆனால் அட்டவணையைப் பார்த்து அவளும் எழுதிக்கொண்டாள், தேர்வு வைத்தாலும் வைப்பார்கள் என்று. தேர்வு வைத்தார்கள். அவளுக்கு மட்டும் மதிப்பெண் குறைந்தது.

முதல் வேலை பங்காருபாளையத்தில். அங்கே மாம்பழக்கூழ் ஆலை ஒன்று. வைகாசி, ஆனி என்று பழம் குவிகிற மாதங்களில் குடியாத்தம் பக்கத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் வேனில் வந்து பழம் கழுவி, காம்பு நீக்கி, வெட்டிக் கொடுப்பார்கள். வேலைக்கூடத்துக்கும் வெளி வராந்தாவுக்கும் நடுவில் புதிதாகத் தானியங்கிக் கதவு ஒன்று வைக்கப் போகிறார்கள். உள்ளே இருப்பவள் வெளியே போக வேண்டுமென்றால் கழுத்திலிருக்கிற அட்டையைக் காட்டி, திரையில் காரணத்துக்குரிய பொத்தானை அமுக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் கதவு திறக்கும். என்னென்ன காரணங்களுக்குப் பொத்தான் வைப்பது? அதைத்தான் பெண்களைக் கேட்டு எழுத வேண்டும்.

கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை ஜெயகுமாரிக்கு வந்தது. தெலுங்கில் இருந்த முதல் கேள்வி, "மீ அவசராலு ஏமிடி?" தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஆகவே அவள், "உங்களுக்கு என்ன தேவை?" என்று எழுதிக் கொண்டுபோனாள். மோகன்ராஜ் தாளைத் தமிழ் தெரிந்த ஒரு கணினியிடம் காட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அவசரம் என்ற வார்த்தை தமிழில் இல்லையா, மேடம்?"

"இருக்கு சார்."

"இருக்கிறபோது ஏன் மாற்றினீர்கள்? இரண்டு மொழிக்கும் பொதுவான ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. இது ஒற்றுமை. இதைப் போய் அழிக்கிறீர்களே."

"தமிழ்ல அதுக்கு அர்த்தம் வேற சார்."

"என்ன அர்த்தம்?"

"சீக்கிரம்... வேகம், அந்த மாதிரி."

"நல்லதுதானே! வேகம் நமக்கு வேண்டியதுதானே!"

உங்களுக்கே தெரியும், அவசரம் என்றால் நம் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. பஸ் நிற்காத ஊரில், சினிமாக் கொட்டகையில், கல்யாண மண்டபத்தில், ஒருத்தி இன்னொருத்தி காதில் "அவசரமா வருதுடி" என்றால் எது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஜெயகுமாரி அதையும் சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே ஆறு ஆண்கள். அவள் தரையைப் பார்த்தாள். அட்டவணைப்படி ஆழ்ந்த சிந்தனையில் இருந்தாள்.

கேள்வித்தாளில், "உங்கள் அவசரம் என்ன?" என்று அச்சானது. அதோடு விட்டார்களா? கதவுக்கும் ஒரு குரல் வேண்டும் என்றார்கள். ஜெயகுமாரியை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, அதே கேள்வியை அவள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். வேதபாடம் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அருமை," என்றார் மோகன்ராஜ். "கேட்டாலே தேவை வந்துவிடும்போல இருக்கிறது."

பங்காருபாளையம் போன அன்று நல்ல வெயில். ஆலையின் கூட்ட அறையில் பதினைந்து பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கையெல்லாம் மாம்பழச் சாறு, தலையில் வலைத்தொப்பி. எதிரே மோகன்ராஜ், அவருடைய ஆட்கள் நாலு பேர், பதில்களைத் தட்டச்சு செய்ய சுஷ்மிதா என்ற ஹைதராபாத் பெண், ஆலை மேஸ்திரி கங்கையா. நடுவில் காரில் படுக்கவைத்துக் கூட்டி வந்த பத்மா.

முதலில் விளையாட்டு. கூச்சம் போக வேண்டுமாம். ஒரு பஞ்சுப் பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து தம் பெயரையும் தமக்குப் பிடித்த நிறத்தையும் சொல்ல வேண்டும். பந்து மாம்பழச் சாற்றில் ஊறிக் கனத்துப்போய் மூன்றாவது கையிலேயே நின்றுவிட்டது. கூச்சம் போய்விட்டதாகச் சுஷ்மிதா பதிவு செய்தாள்.

பிறகு மோகன்ராஜ் தலையசைக்க, ஜெயகுமாரி எழுந்து தெளிவாகக் கேட்டாள்:

"உங்கள் அவசரம் என்ன?"

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவள் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"இன்னாடி இது, இத்தப் போயி ஆம்பளைங்கள வெச்சிக்கினு கேக்கறாங்கோ?"

"கேக்கட்டும். கேக்கறதுக்காச்சும் ஆள் வந்துதே."

"நீ சொல்லேன்."

"நீ சொல்லு. நேத்து நீதானே குதிச்சிக்கினு இருந்த?"

"ஒண்ணும் அவசரம் இல்லீங்கோ," என்றாள் முன்வரிசையில் ஒருத்தி, மரியாதைக்கு.

தெலுங்கில் அவசரம் இல்லை என்றால் தேவை இல்லை. ஜெயகுமாரி சொல்லாமலேயே அந்த அளவு தமிழ் எல்லோருக்கும் புரிந்தது. சுஷ்மிதா தட்டினாள்: தேவை இல்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து செல்லியம்மா எழுந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஆலையில் எத்தனையோ வருடமாக வருகிறவள். வலது கையை மெல்லத் தூக்கி, சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள். கங்கையா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அங்கே இருந்துவந்த முறை. வேலைக்கூடத்தில் ஒருத்தி சுண்டுவிரலைக் காட்டினால் கங்கையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார். அவள் போய்விட்டு வருவாள். ஒரு சொல் பேச வேண்டியதில்லை. யாருக்கும் கூச்சமில்லை. எழுதிவைக்க வேண்டியதுமில்லை.

மோகன்ராஜும் இந்த மண்ணில் பள்ளிக்கூடம் போனவர்தான். சின்ன வயதில் அவரும் வாத்தியாரிடம் சுண்டுவிரல் காட்டியிருப்பார். ஆனால் அட்டவணையில் அது இல்லையே. அவர் யோசித்துச் சொன்னார்:

"ஒரு விரல். ஒன்று. எல்லோரும் ஒருமனதாக இருக்கிறோம் என்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள்."

செல்லியம்மா ஜெயகுமாரியின் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, காதோடு சொன்னாள்.

"அம்மா, எனக்குச் சக்கரை இருக்குது. மணிக்கு ஒரு தபா போவணும். அடக்கினா அடங்காது. இப்ப மேஸ்திரி வெரலப் பாத்து உட்டுடறாரு. நாளைக்கு மிசினு கதவு வந்தா அதுக்கு வெரலு தெரியுமா? ஒரு பொத்தான், அதுக்குன்னு ஒண்ணே ஒண்ணு வெக்கச் சொல்லும்மா. இல்லாங்காட்டி இந்த சீசனோட என்னை அனுப்பிடுவாங்கோ. நீ நம்ம பாஷக்காரி. உன்கிட்ட சொல்றன்."

"ஏமண்டுன்னாரு?" என்றார் மோகன்ராஜ். என்ன சொல்கிறாள்?

எதிரே இருந்த மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் ஜெயகுமாரியைப் பார்த்தன. சுஷ்மிதாவின் விரல்கள் தட்டச்சுமேல் காத்திருந்தன. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவள் நாக்குக்குப் பழக்கமில்லை. தெலுங்கில் யோசித்தாள், அங்கேயும் அது அதே வார்த்தையாக இருந்தது. "கை கழுவ வேண்டுமாம்" என்று சொல்லலாமா என்று நினைத்தாள். ஆலையில் கை கழுவ வேலைக்கூடத்துக்குள்ளேயே பன்னிரண்டு குழாய்கள் இருந்தன.

"ஏமீ லேதண்டி," என்றாள். ஒன்றுமில்லை.

அப்புறம் செல்லியம்மா அவள் கையைப் பிடித்துக் கேட்டாள். "சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் அக்கா."

இங்கேதான் என் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான இடம். வார்த்தையைச் சொல்லாததைக்கூட மன்னிக்கலாம். சொன்னேன் என்று சொன்னாளே. செல்லியம்மா அவளுக்கு ஒரு மாம்பழத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டாள். சித்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போய் வீட்டில் வைத்தாள். யாரும் அதைத் தின்னவில்லை. அழுகினபிறகு ஜெயகுமாரி தன் கையாலேயே எடுத்துப் போட்டாள்.

கதவு வந்தது. நீலக் கண்ணாடித் திரை, ஐந்து பொத்தான்கள். தேநீர். உணவு. மேலாளர் அழைப்பு. தீ. ஐந்தாவது பத்மாவுக்காக வைத்தது: மகிழ்ச்சி தெரிவிக்க. தேநீர் பொத்தான் தேநீர் நேரத்தில்தான் வேலை செய்யும். மகிழ்ச்சியை எப்போது வேண்டுமானாலும் தெரிவிக்கலாம், ஆனால் அதற்குக் கதவு திறக்காது. திரையில் ஒரு பூ விரியும்.

கங்கையாவை இனி யாருக்கும் தலையாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கதவுக்கு அருகே ஒருத்தி போய் நின்றால் ஜெயகுமாரியின் குரல் மணி மாதிரி கேட்கும்: "உங்கள் அவசரம் என்ன?"

இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நிற்கிறவளிடம் அந்தக் கேள்வி. பெண்கள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சுண்டுவிரலைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஏதாவது ஒன்று திறக்காதா என்று எல்லாப் பொத்தானையும் அமுக்கினார்கள். தீயை அமுக்கியபோது நாலு பேர் மணல் வாளியோடு ஓடி வந்தார்கள், ஆகவே அதை விட்டுவிட்டு மகிழ்ச்சியை அமுக்கினார்கள். நாலாம் நாளிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பழக்கூழ் கொதிக்கிற கூடத்தில், வைகாசி வெயிலில்.

திருப்பதியில் மோகன்ராஜ் படம் போட்டுக் காட்டினார்.

"ஒரு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை மகிழ்ச்சி தெரிவித்திருக்கிறார்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் உச்சம். சிலர் ஒரே நிமிடத்தில் ஒன்பது தடவை! எந்த நாட்டிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை."

கைதட்டினார்கள். ஜெயகுமாரியின் கை இந்தத் தடவை மடியிலேயே இருந்தது.

அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட ஆலையிலேயே விழா எடுத்தார்கள். பயனாளர் ஏற்பு விழா என்று பெயர். வேலைக்கூடத்துக்குள்ளேயே சின்ன மேடை. நாற்பத்துமூன்று பெண்கள் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். கதவு மூடியிருந்தது. பத்மாவுக்கு மாலை போட்டார்கள். ஜெயகுமாரி மேடையோரம் ஒலிபெருக்கியோடு, மொழிபெயர்க்க.

உள்ளே நுழையும்போதே செல்லியம்மா அவளைப் பார்த்திருந்தாள். கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"உன் கொரலு நல்லா இருக்குதும்மா," என்றாள். "தினிக்கும் கேக்கறேன். பதில் சொல்லிக்கினேதான் கீறேன். அதுக்குத்தான் காது இல்ல."

"அக்கா, நான் அன்னிக்கு..."

"உடும்மா. அவங்கதான் பொத்தான வெச்சிருக்க மாட்டாங்கோ. நீ இன்னா பண்ணுவ?"

மோகன்ராஜ் பேசத் தொடங்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. "கேட்பது ஒரு கலை," என்றார். "நாங்கள் கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். பதிலுக்காகக் காத்திருந்து நேரத்தை வீணாக்கவில்லை." ஜெயகுமாரி மொழிபெயர்த்தாள். "ஒரு பெண் என்ன நினைக்கிறாள் என்று அவளிடமே கேட்டால் அவளுக்குக் கூச்சம் வரும். அந்தச் சிரமத்தை நாங்கள் அவளுக்குக் கொடுப்பதில்லை. பத்மாவைக் கேட்கிறோம்." அதையும் மொழிபெயர்த்தாள்.

ஒன்றேகால் மணி நேரம் ஆனபோது செல்லியம்மா சுண்டுவிரலை உயர்த்தினாள். கங்கையா பார்த்தார். தலை அரைவாசி ஆடி நின்றுவிட்டது. கதவு இப்போது அவர் கையில் இல்லை. ஜெயகுமாரி பார்த்தாள். தன்னையறியாமல் அவளும் மேடையிலிருந்து தன் சுண்டுவிரலைத் தூக்கி மோகன்ராஜிடம் காட்டினாள்.

அவர் பேச்சை நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"பாருங்கள்! ஒற்றுமை!" என்று தம் சுண்டுவிரலைத் தூக்கினார். மேடையில் இருந்த எல்லோரும் தூக்கினார்கள். ஆலை முதலாளி தூக்கினார். சுஷ்மிதா தட்டச்சை நிறுத்திவிட்டுத் தூக்கினாள். எல்லாச் சுண்டுவிரல்களும் நிற்க, புகைப்படம் எடுத்தார்கள்.

அந்த வெளிச்சம் அடங்கியபோது செல்லியம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சிமென்டுத் தரையில் அவள் காலடியிலிருந்து மெல்ல ஈரம் பரவியது.

பக்கத்தில் நின்றவள் பெயர் செங்கம்மா. அவள் ஒரு நொடி கீழே பார்த்தாள். அடுத்த நொடி தன் முன்னால் இருந்த பழக்கூழ் வாளியைக் காலால் எட்டி உதைத்தாள். வாளி கவிழ்ந்து மஞ்சளாக ஓடி, எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. "ஐயோ, கைதவறிடுச்சே!" என்று பெரிய சத்தம் போட்டாள். மற்றவர்கள் ஓடிவந்து செல்லியம்மாவைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். சேலையெல்லாம் கூழ். யாருடைய ஈரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஏமைந்தி?" என்றார் மோகன்ராஜ். என்ன ஆயிற்று?

"கூழ் சிந்திவிட்டது சார்," என்று சொல்லிவிட்டுச் சுஷ்மிதா எழுதிக்கொண்டாள்.

ஜெயகுமாரி ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. அணைக்கத் தோன்றவில்லை.

"மூத்திரம் சார்," என்றாள்.

வேதபாடம் வாசிக்கிற குரல். கூடம் முழுக்கக் கேட்டது. கொதிகலனுக்கு அந்தப்பக்கம் லாரியில் பழம் இறக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மோகன்ராஜ் தேடிய பொது வார்த்தை அதுதான் பாருங்கள்: தெலுங்கிலும் தமிழிலும் ஒன்றே, அர்த்தமும் மாறாதது. மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"மூத்திரம் போவணும் சார். கதவு தெறக்கணும்."

மேடையில் சுண்டுவிரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மோகன்ராஜ் பத்மாவைப் பார்த்தார். பிறகு மிகுந்த பெருந்தன்மையோடு, குரலைத் தாழ்த்தி, "தாராளமாக, மேடம்," என்றார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நீங்கள் போய்விட்டு வாருங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்."

அவளுக்குத்தான் என்று நினைத்துவிட்டார். ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஜெயகுமாரிக்குக் காது இரண்டும் எரிந்தது. எனக்கில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கினாள்.

மையத்து ஆட்களின் அட்டைக்கு மட்டும் கதவு கேள்வி கேட்காது. அதிகாரிகளுக்கு எந்தக் காரணமும் இருக்கலாம் என்று நிறுவனம் நம்பியது. ஜெயகுமாரி தன் அட்டையைக் காட்டினாள். கதவு திறந்தது. அவள் வெளியே போகவில்லை.

"வாங்கக்கா," என்றாள்.

செல்லியம்மா தலை நிமிராமல் கடந்து போனாள். கதவு மூடியது. ஜெயகுமாரி மறுபடி அட்டையைக் காட்டினாள். செங்கம்மா போனாள். மறுபடி காட்டினாள். அடுத்தவள். மேடையில் பேச்சு தொடர்ந்தது, இந்தத் தடவை மொழிபெயர்ப்பு இல்லாமல். வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்திருந்த உதடுகளோடு, ஒவ்வொருத்தியும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நாற்பத்துமூன்று பேர்.

கடைசியாகத் திரும்பி வந்தவள் செல்லியம்மா. குழாயில் சேலையை அலசிப் பிழிந்து கட்டியிருந்தாள்.

"அக்கா," என்றாள் ஜெயகுமாரி. "அன்னிக்கு நான் சொல்லல. சொன்னேன்னு பொய் சொன்னேன்."

செல்லியம்மா ஈரத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"தெரியும்," என்றாள். "உன் மூஞ்சியிலயே இருந்துச்சு. இன்னிக்கு மைக்குல சொன்னியே, இன்னா சத்தம்டி அம்மா!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். கங்கையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் திருப்பதியில் மோகன்ராஜ் புதுப் படம் போட்டார். கதவின் கணக்கில் ஒரே ஒரு பெயர் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றது.

"ஜெயகுமாரி மேடம், இருபத்தெட்டு நிமிடத்தில் நாற்பத்துமூன்று தடவை," என்றார். கூட்டத்தில் சிலர் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டார்கள். "நண்பர்களே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் மையத்தின் வரலாற்றில் முதன்முதலாக ஒரு உண்மையான தேவை கிடைத்திருக்கிறது."

இது அந்த ஆலைப் பெண்களின் தேவை என்று ஜெயகுமாரி எழுந்து சொன்னாள். இரண்டு மொழியிலும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "பணிவு," என்று அட்டவணையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: தமிழர்கள் தம் தேவையைப் பிறர் தேவையாகச் சொல்வார்கள்.

நாட்டிலுள்ள அத்தனை ஆலைகளுக்கும் ஆறாவது பொத்தான் தேவையா என்று ஆராயக் குழு போட்டார்கள். அறிக்கை வர இரண்டு வருடம் ஆகும். அதுவரை ஜெயகுமாரியைப் பங்காருபாளையத்திலேயே ஆய்வுப் பயனாளராக நியமித்தார்கள். கதவருகே உட்கார வேண்டும். அவள் எத்தனை தடவை போகிறாள் என்று கதவு எண்ணும். அவ்வளவுதான் வேலை. பத்மாவையும் துணைக்கு அனுப்பிவைத்தார்கள், இரண்டு பயனாளர்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று.

ஜெயகுமாரி தன் அட்டையைக் கழற்றிப் பத்மாவின் கழுத்தில் மாட்டினாள். பெண்கள் வருவார்கள், பத்மாவின் கழுத்திலிருந்து அட்டையை எடுத்துக் காட்டுவார்கள், போவார்கள், திரும்பி வந்து மாட்டுவார்கள். செல்லியம்மா மணிக்கு ஒரு தடவை. பத்மா ஒரு நாளும் மறுப்புச் சொன்னதில்லை.

சித்தூரில் விஷயம் பரவாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று மெல்லச் சொன்னாள். அப்பா கிருபானந்தம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஜெயகுமாரிக்கு இன்றும் காது எரிகிறது.

போன மாதம் திருப்பதியிலிருந்து போன் வந்தது. மோகன்ராஜ் அக்கறையாகக் கேட்டார்.

"மேடம், நேற்று தொண்ணூற்றாறு தடவை என்று காட்டுகிறதே. முந்தின வாரத்தைவிட இரண்டு மடங்கு. உடம்புக்கு ஒன்றுமில்லையே?"

ஜெயகுமாரி கூடத்துக்குள் பார்த்தாள். தொட்டிகளின் அருகே புதிதாக இரண்டு மண்பானைகள் வைத்திருந்தார்கள். செல்லியம்மா ஒரு சொம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, மடமடவென்று வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "வெயிலு சார். தண்ணி நெறைய குடிக்கிறாங்க..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குடிக்கிறேன் சார்."